4.25 லட்சத்துக்கு ஒரு பழைய பென்ஸ், வாங்கலாமா?

கேள்வி இது: 2008 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் இ280 சிடிஐ, கோவைப் பதிவு, மூன்றாவது ஓனர், 1,85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 4.25 லட்சம் கேட்கிறார்கள். கேள்வி கேட்ட தம்பியின் கையில் மொத்தமாக 7 லட்சம் இருக்கிறது. ஆபீஸ் போய்வர வீட்டில் ஒரு ஸ்விஃப்ட் உண்டு. பென்ஸை வாங்கி சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து புராஜெக்ட் காராக வைத்துக்கொள்ள ஆசை. இவ்வளவு கிலோமீட்டர் ஓடிய வண்டியைத் தொடலாமா, அப்புறம் வருத்தப்பட வேண்டி வருமா?

தொடலாம். ஆனால் 4.25 கொடுக்க வேண்டாம், காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேன் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். 1.85 லட்சம் கிலோமீட்டர் எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது "மூன்றாவது ஓனர்" என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வண்டிக்குள் இருப்பது ஓஎம்642 என்ற 2987 சிசி வி6 டீசல் என்ஜின். இதே குடும்பத்து என்ஜினைத்தான் ஸ்பிரின்டர் வேனிலும் ஜீப் கிராண்ட் செரோக்கியிலும் போட்டார்கள். ஆயிலும் கூலன்ட்டும் ஒழுங்காக மாற்றினால் மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டரைப் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் கடக்கிற என்ஜின் இது. 2008ல் இருந்து கணக்குப் போட்டால் இந்த வண்டி வருடத்துக்குப் பதினோராயிரம்கூட ஓடவில்லை, அது குறைவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிக் கார்களை முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு மில் முதலாளியாகவோ கம்பெனி டைரக்டராகவோ இருப்பார், வண்டியை டிரைவர் ஓட்டுவார், கம்பெனி சர்வீஸ் தவறாது. இரண்டாவது ஓனரும் ஓரளவு செலவு செய்வார். மூன்றாவது ஆள் வருவது விலை நாலைந்து லட்சத்துக்கு இறங்கிய பிறகு. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸின் விலை இறங்கவில்லை. அது இன்னும் நாற்பது லட்ச ரூபாய் கார் ஒன்றின் ஸ்பேர் விலைதான். அவர் முதல் பெரிய எஸ்டிமேட்டைப் பார்த்ததும் மிரண்டு, அதன்பிறகு வருகிற ஒவ்வொரு கோளாறையும் சரிசெய்யாமல் அடக்கிவைக்க ஆரம்பிப்பார். ஆக நீங்கள் வாங்கப்போவது ஒருவர் மூன்று நான்கு வருடமாகத் தள்ளிப்போட்ட செலவுகளின் மொத்தத்தை. அது ஐம்பதாயிரமா நான்கு லட்சமா என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

நல்லவேளையாக, தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தடயங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். பானட்டைத் திறந்ததும் முதலில் கூலன்ட் டேங்கைப் பாருங்கள். உள்ளே நிறமுள்ள, தெளிவான கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் கலரில் கலங்கியோ, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தோ இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹீட்டர் கோர் மூன்றின் ஆயுளும் அங்கேயே குறைந்துவிட்டது. அப்புறம் என்ஜின் கவரைக் கழற்றச் சொல்லுங்கள் (கையாலேயே இழுத்தால் வந்துவிடும்). டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் முனையில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது இறுகிப்போனால் அங்கிருந்து ஆயில் சொட்டும், சொட்டுகிற ஆயில் நேராகக் கீழே இருக்கும் சிறிய மோட்டார் ஒன்றின் மேல் விழும். இன்டேக்கில் காற்றுப் போகும் வழியைத் திறந்து மூடும் ஃபிளாப்புகளை இயக்குகிற மோட்டார் அது. ஆயில் உள்ளே போய் அது ஷார்ட் ஆனால் செக் என்ஜின் லைட் எரியும், வண்டி லிம்ப் மோடுக்குப் போகும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. சரியான வைத்தியம் சீலையும் மோட்டாரையும் மாற்றுவது, ஆனால் அதற்கு மேனிஃபோல்டுவரை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) கழற்ற வேண்டும். மலிவான வழி, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது. கம்ப்யூட்டர் மோட்டார் இருப்பதாக நம்பிக்கொள்ளும், லைட்டும் அணைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த டேப் சுற்றிய துண்டு கண்ணில் பட்டால் இந்த வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

இன்னொரு தடயம் மியூசிக் சிஸ்டம். ஒரிஜினல் யூனிட்டைப் பிடுங்கிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ஒன்றைப் பொருத்தியிருந்தால் கவனம். இந்த மாடலில் ஆடியோ, சிடி சேஞ்சர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஃபைபர் ஆப்டிக் கேபிளால் ஒரு வளையமாக இணைக்கப்பட்டவை. வளையத்தில் ஒன்றைக் கழற்றினாலோ ஒன்று செத்தாலோ மொத்தமும் ஊமையாகிவிடும். அதைத் தெரியாமல் ஒயரை வெட்டி ஒட்டியவர்கள் வேறெங்கெல்லாம் கை வைத்தார்களோ.

இனி பெரிய செலவுக்கு வருவோம். ஓஎம்642 என்ஜினின் உண்மையான பலவீனம் ஆயில் கூலர் சீல். இரண்டு பக்க சிலிண்டர்களுக்கும் நடுவே, அந்த 'வி'யின் அடிப்பள்ளத்தில் ஆயில் கூலரை வைத்திருக்கிறார்கள். மேலே டர்போவும் மேனிஃபோல்டும் உட்கார்ந்திருப்பதால் அங்கே எப்போதும் கொதிசூடு. தொடக்கத்தில் போட்ட ஆரஞ்சு நிற சீல் அந்தச் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடுகிறது. பிறகு மெர்சிடிஸே ஊதா நிறத்தில் தாக்குப்பிடிக்கும் வேறு சீலைக் கொண்டுவந்தது. காய்ந்த சீல் வழியாக ஆயில் கசிந்து, பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் கீழே சொட்டும். அதைப் பார்க்கிற மெக்கானிக் பல நேரம் கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். இறக்கி, மாற்றி, ஏற்றிய பிறகும் சொட்டும், ஏனென்றால் கசிவு மேலே இருக்கிறது. சீல் என்னவோ சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆனால் டர்போ, மேனிஃபோல்டுகள் எல்லாவற்றையும் கழற்றினால்தான் அங்கே கை போகும் என்பதால் லேபர் இரண்டு மூன்று நாள். ஆகவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "ஆயில் கூலர் சீல் மாத்தியாச்சா, பில் இருக்கா?" பில் இருந்தால் அந்த வண்டிக்கு என் மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய் கூடும். இல்லையென்றால் அந்த ஐம்பதாயிரத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், சொட்டவில்லை என்றாலும் சரி. அந்த வேலைக்கு எல்லாவற்றையும் கழற்றும்போதுதான் நான் மேலே சொன்ன மோட்டாரையும் டர்போ சீலையும் மாற்ற வேண்டும், ஒரே லேபரில் முடியும். புராஜெக்ட் என்று நீங்கள் சொல்வதற்கு இந்த வண்டியில் உண்மையான அர்த்தம் அந்த மூன்று நாள் வேலைதான். மீதியெல்லாம் சில்லறை வேலைகள்.

காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கள் பார்க்கும்போது நடக்க வேண்டும். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். ஸ்டார்ட் ஆனதும் மேலே இருந்து சுக் சுக் என்று காற்று கசிகிற மாதிரிச் சத்தம் வந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர் விட்டிருக்கிறது. அதைச் சுற்றித் தார் மாதிரிக் கறுப்பாகக் கெட்டியாகியிருக்கும். ஆரம்ப நிலையில் என்றால் சின்ன வேலை. வருடக்கணக்கில் விட்டிருந்தால் இன்ஜெக்டர் சிலிண்டர் ஹெட்டோடு இறுகிப்போய், வெளியே எடுக்கவே தனித் திறமை வேண்டும். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் கிளோ பிளக் பற்றி நம் ஊர் வெயிலில் அதிகம் யோசிக்க வேண்டாம், செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதைக் கழற்றப்போய் உள்ளே முறித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

கியர்பாக்ஸில் ஒரே கேள்வி: ஆயில் எப்போது மாற்றியது? "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி 1.85 லட்சம் ஓடியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அறுபதாயிரத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய கியர்பாக்ஸ் இந்த மாடலில் நீண்ட நாள் உழைக்கும். ஓட்டிப் பார்க்கும்போது சூடேறிய பிறகு சிக்னலில் நின்று நின்று போங்கள். இரண்டில் இருந்து மூன்றுக்கு ஏறும்போதும், நிற்கப்போகும்போது கடைசியாக இறங்கும்போதும் முதுகில் தட்டுகிற மாதிரி உதறினால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சென்சார் பலகையோ, கனெக்டர் வழியாக ஆயில் ஒயருக்குள் ஏறியிருப்பதோ காரணமாக இருந்தால் பரவாயில்லை. கியரே வழுக்குகிறது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏசியை மதியம் ஒரு மணிக்கு, ஐடிலில், பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கூலிங் காயில் லீக் என்றால் டேஷ்போர்டையே முழுதாக இறக்க வேண்டும், பெரிய வேலை அது. தரை மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கைவிட்டு ஸ்பாஞ்சை அமுக்கிப் பாருங்கள். ஈரம் இருக்கவே கூடாது. சன்ரூஃப் வடிகால் அடைத்தாலும் தண்ணீர் அங்கேதான் வரும், அங்கேதான் ஒயரிங் இணைப்புகளும் ஓடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண்கறை இருக்கிறதா என்று பாருங்கள். 2015லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன, கோவைப் பதிவு என்பதால் அது கோவையிலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முன் சஸ்பென்ஷனில் ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் தேய்ந்துதான் இருக்கும், இந்த வயதில் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஸ்பிரிங் என்றால் உங்களுக்கு நல்லது.

ஸ்கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற கருவி என்ஜினை மட்டும் படிக்கும். இந்தக் காருக்குள் கியர்பாக்ஸ், பிரேக், ஏர்பேக், ஏசி, கதவு, சீட் என்று தனித்தனி மாட்யூல்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் படிக்கிற ஸ்டார் டயக்னோசிஸ் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். சில ஆயிரம் ஆகும். நாலு லட்சத்துக்குக் கார் பார்க்கிறவர் அங்கே யோசித்தால் யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். விற்பவர் ஸ்கேனுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது, கிளம்பிவிடலாம். ஒரு சின்ன விஷயம்: கோளாறே பதிவாகாமல் எல்லா மாட்யூலும் சுத்தமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பதினேழு பதினெட்டு வருட வண்டியில் ஏதாவது ஒன்று பதிவாகி நிற்கத்தான் செய்யும். முந்தின நாள் யாரோ அழித்திருக்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

2008 மாடல் என்பதில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டபிள்யூ211 என்று மெர்சிடிஸ் பெயரிட்ட இதே உடம்பில் 2006 நடுவில் ஃபேஸ்லிஃப்ட் வருவதற்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக் இருந்தது. பிரேக் மிதிக்கிற தடவைகளை யூனிட் எண்ணிக்கொண்டே வரும், கணக்கு முடிந்தால் யூனிட்டை மாற்றச் சொல்லும். 2004லும் 2005லும் உலக அளவில் ரீகால் செய்து, கடைசியில் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். யாராவது 2004, 2005 மாடலை மூன்று லட்சத்துக்குக் காட்டினால் ஆசைப்பட வேண்டாம்.

பேப்பர் விஷயம். இது தமிழ்நாட்டு வண்டி என்பது பெரிய நிம்மதி. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்ததால் அங்கே இருந்து சொகுசுக் கார்கள் அடிமாட்டு விலைக்கு இறங்கின. ஆனால் அங்கே என்ஓசி வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது ஆயுள் வரியை நீங்கள் கொடுத்த விலைக்குக் கணக்குப் போட மாட்டார்கள், வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துத்தான் போடுவார்கள், அதில் பலர் மாட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் வண்டி 2023ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்குத்தான். 2028ல் இருபது வருடம் ஆகும்போது மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். ஆர்.சி.யில் செல்லுபடியாகும் தேதியை உங்கள் கண்ணால் பாருங்கள், புதுப்பிக்கவே இல்லை என்றால் அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகுதான் பணம். பழைய லோன் ஆர்.சி.யில் ஏறி அப்படியே நிற்கிறதா, டிராஃபிக் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸில் 1500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 2022 கட்டணப்படி 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

இப்போது பணம். 7 லட்சத்தில் 4.25 வண்டிக்கே போனால் மீதி 2.75. ஆயில் கூலர் வேலை, கியர்பாக்ஸ் சர்வீஸ், முன் சஸ்பென்ஷன், பிரேக் டிஸ்க் பேட், பெல்ட் டென்ஷனர், என்ஜின் மவுன்ட், கூலன்ட் ஹோஸ்கள், பேட்டரி, நாலு டயர். நல்ல வெளி ஒர்க்‌ஷாப்பில், மெர்சிடிஸ் பெயர் போட்ட டப்பா இல்லாமல் லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மாலே மாதிரி அசல் தயாரிப்பாளர்களின் பார்ட்ஸை வாங்கிப் போட்டால்கூட இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கை காலி. அந்த மாதமே ஏசி கம்ப்ரஸர் போனால் வண்டி மூடி போட்டு நிற்கும், நீங்கள் விற்கப் பார்ப்பீர்கள், நான்காவது ஓனர் வருவார். அதனால் ஆயில் கூலர் பில் இல்லையென்றால் விலை மூன்றேகாலில் இருந்து மூன்றரைக்குள் வர வேண்டும், ஒரு லட்சம் தொடாத பணமாகத் தனியாக இருக்க வேண்டும். விற்கும்போது போட்ட காசு திரும்பும் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம், இந்த வண்டிக்குப் போடுவது செலவு.

பார்ட்ஸுக்கு எப்போதும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத்தான் கேளுங்கள், "இ-கிளாஸ் 2008" என்றால் பாதி நேரம் தப்பான பார்ட் வரும். கதவு டிரிம், சுவிட்ச், லைட் மாதிரிப் பழையதே போதும் என்கிற சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையும், கிடைக்காவிட்டால் டெல்லி மாயாபுரியும் இருக்கின்றன. ஆனால் சஸ்பென்ஷன், பிரேக், பம்ப் போன்றவற்றைப் பழையதில் வாங்காதீர்கள்.

உங்களிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கூரை போட்ட பார்க்கிங் இருக்கிறதா? வாரம் ஒருநாள் மட்டும் ஓடுகிற வண்டியில் எலி குடியேறும், ஒயரைக் கடிக்கும், வெயிலில் நின்றால் டேஷும் ரப்பரும் வெடிக்கும். இரண்டாவது, ஒர்க்‌ஷாப்காரர் யார்? நீங்களே ஆயில், ஃபில்டர், பேட் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் டர்போவைக் கழற்றுகிற வேலையை முதல் தடவையே தனியாகச் செய்ய முடியாது. இந்த என்ஜினில் கை வைத்துப் பழகிய ஒருவரை, வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து, அந்த மூன்று நாளும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள விடுவாரா என்று கேளுங்கள். கோவையில் லேத்துக்கும் நல்ல கைகளுக்கும் பஞ்சம் இல்லை. இந்த இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால் இந்த வண்டியும் வேண்டாம், வேறெந்த பழைய ஜெர்மன் வண்டியும் வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு வாங்கலாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சரியான நிலையில் இருக்கிற இ280 சிடிஐயை ஒரு தடவை அவிநாசி தாண்டி சேலம் வரை ஓட்டிப் பாருங்கள். 190 குதிரைத்திறன் இன்றைக்குப் பெரிய எண் இல்லை, 440 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்) இன்றைக்கும் பெரிய எண்தான். நூறில் போகும்போது என்ஜின் சத்தம் உள்ளே வருவதே இல்லை, கதவு மூடுகிற சத்தத்தில் ஒரு கனம் இருக்கிறது, மோசமான ரோட்டையும் சீட் தாங்கிக்கொள்கிறது. இதைப் புதிதாக இன்றைக்கு எந்த ஏழு லட்ச ரூபாய் காரிலும் வாங்க முடியாது. ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒரு காரைச் சாகவிடாமல் வைத்திருப்பது நல்ல காரியம் என்று நான் மனதார நம்புகிறேன்.

"இதே காசுக்கு பிஎம்டபிள்யூ 520டி கிடைக்கிறதே" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்து 520டியில் இருக்கும் என்47 என்ஜினில் டைமிங் செயினைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்திருக்கிறார்கள். செயின் மாற்றியதற்குப் பில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள், அறுந்தால் என்ஜினே போகும். ஆடியில் மல்டிட்ரானிக் கியர்பாக்ஸ் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். ரேஞ்ச் ரோவர் உங்கள் பட்ஜெட்டுக்கு இல்லை.

ஆக, முதலில் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள், அப்புறம் காலை ஸ்டார்ட், அப்புறம் ஸ்கேன், இந்த வரிசையில். கூலன்ட் சுத்தமாக, கியர் மென்மையாக, தரை காய்ந்து இருந்து, ஆயில் கூலர் பில்லும் இருந்தால் 3.75 வரை போகலாம். பில் இல்லை, மற்றதெல்லாம் சரி என்றால் 3.25. ரெசிஸ்டர், குழாய்த் தண்ணீர், கியர் உதறல் மூன்றில் இரண்டு இருந்தால் இரண்டு லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம், இந்த மாடலில் இன்னும் வண்டிகள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.